இன்சுலின் பெட்டியில் போனால் நானும் பெட்டியில்

இன்று காலை மதுரை விமான நிலையம். எனக்குப் பள்ளி நாளிலிருந்தே சர்க்கரை நோய். தோள்பையில் இன்சுலின், ஊசிகள், ஐஸ் பை எல்லாம் இருந்தன.

கவுன்டரில் இருந்தவர் பையைப் பார்த்தார்.

"ஊசியெல்லாம் கையில கொண்டு போக முடியாது தம்பி. பெட்டிக்குள்ள போட்ருங்க. பெட்டி போற விமானத்துக்கு அடியில குளுகுளுன்னு இருக்கும், மருந்துக்கும் நல்லதுதானே."

நல்ல மனசுதான், ஆனால் தப்பான அறிவியல்.

"அண்ணே, உறைஞ்சு போச்சுன்னா இன்சுலின் வேலை செய்யாது. பெட்டி தொலைஞ்சுச்சுன்னா நான் ஆஸ்பத்திரியிலதான் படுக்கணும்."

"ரூல்ஸ் தம்பி."

"அப்ப என்னையும் அந்த பெல்ட்டுல ஏத்தி விடுங்க. டேக்கை நெத்தியில ஒட்டிக்கிறேன்."

"பின்னாடி எம்புட்டுப் பேரு நிக்கிறாங்க, பாருங்க."

"நிக்கட்டும்ணே. உங்க மேலதிகாரியக் கூப்பிடுங்க."

மேலதிகாரி வந்து பார்த்தார். "இன்சுலினா? அது பயணி கூடத்தான் போகணும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற அக்கா தோளைத் தட்டினார். பாராட்டப் போகிறார் என்று திரும்பினேன்.

"பாகற்காய்ச் சாறு குடிங்க தம்பி. ஊசியே தேவைப்படாது."

இப்போது அவருக்கு என் பக்கத்து இருக்கை. உங்களுக்குக் கிடைத்த இலவச வைத்தியங்களைக் கீழே எழுதுங்கள். கிளம்பும்வரை போனைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு ஒரு காரணம் வேண்டும்.