புள்ளிக்கோடு

கனகாவுக்கு வாய் நீளம் என்று எங்கள் ஆய்வுக்கூடத்தில் பேசிக்கொள்வார்கள். நான் அங்கே ஸ்டோர் கிளார்க். வாய் நீளம்தான், அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பேன்.

கனகாவுடையது ஹனூரிலிருந்து மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்த குடும்பம். பி.யூ.சி. முடித்ததும் விஜயநகரில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் பன்னிரண்டு வருஷம் டிசைன் போட்டாள். எத்தனையோ பிரமுகர்களின் வழுக்கையில் முடி வளர்த்தவள். பிறகுதான் இங்கே வந்தாள். புரத மூலக்கூறுகளைக் கணினியில் முப்பரிமாணப் படமாக்கும் வேலை. மென்பொருளைத் தானாகவே தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டாள்.

போன மார்ச்சில் பேராசிரியர் இராமச்சந்திரனின் கட்டுரைக்குப் படம் போட்டாள். நாடா மாதிரி வளைந்து போகும் புரதம் ஓரிடத்தில் அறுந்திருந்தது. அந்தத் துண்டு ஓயாமல் ஆடுவதால் எக்ஸ்ரேயில் பதியவில்லை. கனகா அங்கே புள்ளிக்கோடு வைத்தாள். மருந்து ஒட்டுவதே அந்த இடத்தில்தான் என்று பேராசிரியர் எழுதியிருந்தார். படம் போட்டவர் என்று கனகாவின் பெயரையும் சேர்த்திருந்தார். அச்சில் அவள் பெயர் வருவது அதுதான் முதல் தடவை. அம்மா சரசுவிடம் சொல்லியும்விட்டாள்.

நான் ஸ்டோர் சாமான் கொடுக்கப் போயிருந்தபோதுதான் பேராசிரியர் படத்தைப் பார்த்தார். “ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா. கோட்டைச் சேர்த்துடு, லட்சணமா இருக்கும்.”

“முடியாதுங்க சார். தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி போட மாட்டனுங்க.”

“ஃப்ளெக்ஸ்ல எத்தனை தலைக்கு முடி வச்சிருக்கே?”

எனக்கே சுருக்கென்றது. கனகா அசரவில்லை.

“அந்த முடியை நம்பி யாரும் மருந்து சாப்பிடலீங்க சார்.”

அவர் முகம் கறுத்தது. “அப்ப உன் பேர் வராது.”

“எடுத்துருங்க. கோட்டைச் சேர்த்தா நானே எடுக்கச் சொல்லுவனுங்க. அளந்ததெல்லாம் நெட்டுல கிடக்குது, யாரு திறந்தாலும் தெரிஞ்சிரும். அப்ப உங்க பேரைப் பார்த்துத்தானுங்க சிரிப்பாங்க.”

புள்ளிக்கோடு அப்படியே இருந்தது. பேராசிரியருக்குப் பயம்தான், வேறென்ன. ஆத்திரத்துக்கு அவள் பெயரை மட்டும் எடுத்தார்.

கட்டுரை வெளிவந்ததும் கனகா அம்மாவை ஆய்வுக்கூடத்துக்கே அழைத்து வந்தாள். திரையைப் பார்த்த சரசு, “உன் பேரு எங்க கண்ணு?” என்றாள்.

கனகா படத்தைப் பெரிதாக்கி, அறுந்த இடத்தில் விரலை வைத்தாள்.

“இதை மூடச் சொன்னாங்கம்மா. நான் மூடல.”

பேராசிரியர் அப்போது வராந்தாவில் போய்க்கொண்டிருந்தார். கேட்கட்டும் என்றுதான் உரக்கச் சொன்னாள்.