பாத்தி நிறையும்வரை

எங்கள் ஊரில் குமரேசன் என்ற பேரில் மூன்று பேர் இருக்கிறார்கள். ஜல்தி குமரேசன் என்றால் அது என் கொழுந்தன். என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். நான் வாழ்க்கைப்பட்டு விழுப்புரத்தை அடுத்த காணைப் பக்கம் இந்த ஊருக்கு வந்தபோது அவன் டிரவுசர் போட்ட பையன். அதனால் அவன் இவன் என்றுதான் சொல்வேன். யாருக்காவது அது பிடிக்கவில்லை என்றால் இதோடு எழுந்து போகலாம். ஜெயத்துக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்கிறது, அதில் இன்னும் ஒருவர் சேர்ந்தால் எனக்கு ஒன்றும் குறையாது.

பேருக்கு ஏற்ற ஆள்தான். எந்நேரமும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி இருப்பான். இட்லியை நின்றுகொண்டே விழுங்குவான். ஒரு கையில் இட்லி, ஒரு கை சட்டைப் பொத்தானில், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் செல்போன். ஒருமுறை திண்டிவனத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். போன வேகத்தில் பக்கத்து மண்டபத்தில் நுழைந்து மொய் எழுதி, யாரோ ஒரு மாப்பிள்ளைக்குக் கை கொடுத்து, போட்டோவுக்கும் நின்றுவிட்டு வந்துவிட்டான். வாசலில் ஆள் உயரத்துக்குப் பேனர் வைத்திருந்ததே, கண் எங்கே போயிற்று என்று கேட்டேன். "ரெண்டு மண்டபத்துலயும் ஒரே மாதிரி வாழமரம் கட்டிக்கினு இருந்தாங்க அண்ணி, நான் இன்னா பண்றது?" என்றான். சிரிப்பதா அடிப்பதா!

விவசாயம் போக அவனுக்கு மனை புரோக்கர் வேலையும் உண்டு. விக்கிரவாண்டிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் ரோட்டோரம் எந்த இடம் விலைக்கு வந்தாலும் இவனுக்கு முதலில் தெரியும். கூட்டாளி பிரவீன்குமாரோடு காலையில் கிளம்பினால் விளக்கு வைத்த பிறகுதான் வீடு. இதற்கு நடுவில் கொல்லைக்கு, எங்கள் பக்கம் பயிர் வைக்கிற நிலத்துக்கு அதுதான் பேர், எப்படித் தண்ணீர் பாய்ச்சுவது? எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் கூட்டுக் கிணறு, மாற்றி மாற்றி முறைத் தண்ணீர். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். மோட்டாரில் செல்போன் ஸ்டார்ட்டர் பொருத்தினான். எங்கிருந்தாலும் ஒரு போன் போட்டால் போதும், கிணற்றடியில் மோட்டார் ஓடும். "இனிமே பேஜாரே இல்ல அண்ணே" என்று என் வீட்டுக்காரர் தோளில் தட்டிவிட்டுப் போனான்.

அவன் மனைவி புனிதா அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். ஒரே மகள் கலைப்பிரியா, நான்காவது படிக்கிறாள். கெட்டிக்காரி. ஆனால் அவளுக்குப் பேச்சு திக்கும். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்ளும். கண்ணை இறுக மூடி, கழுத்து நரம்பு புடைக்கத் தள்ளுவாள். ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னோம். வசம்பை உரைத்து நாக்கில் தடவச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. குமரேசனுடைய வைத்தியம் வேறு. பிள்ளை வாயைத் திறந்தால் மிச்சத்தை அவனே சொல்லி முடித்துவிடுவான். நாலு தடவையில் ஒரு தடவை அது சரியாக இருக்கும். மற்ற மூன்று தடவையும் அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். இல்லை என்று சொல்லவும் வாய் வேண்டுமே.

போன பங்குனியில்தான் வினை வந்தது. என் கொல்லையில் கொத்து மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, முற்றி நின்றது. மறுநாள் பிடுங்க ஆள் சொல்லியிருந்தேன். முற்றிய மல்லாட்டைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது, காட்டினால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். எங்கள் இரண்டு கொல்லைக்கும் ஒரே வாய்க்கால்தான், என் பக்கம் போகிற மடையை மண் வைத்து அடைத்திருந்தோம். அன்று விடியற்காலை எந்த மாடு மிதித்ததோ, அந்த மண் சரிந்து மடை உடைந்து கிடந்தது. அதைப் பார்த்தது கலைப்பிரியா ஒருத்திதான்.

பிள்ளை வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். அப்பன் வண்டியை உதைத்துக்கொண்டு இருந்தான். "அ... அ... அந்த..." என்று ஆரம்பித்திருக்கிறாள். "அந்த சைக்கிள்தானே? ஞாயித்துக்கெழம வாங்கியாறேன், அப்பா ஜல்தியா போவணும்" என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டான். திண்டிவனம் போய்ச் சேர்ந்து டீ குடித்தபடி ஸ்டார்ட்டருக்குப் போன் போட்டான். மோட்டார் ஓடியது. மொத்தத் தண்ணீரும் என் மல்லாட்டையில்.

நான் சும்மா இருப்பேனா? அவன் திரும்பி வந்ததும் கிணற்றடியில் வைத்துக் கிழி கிழி என்று கிழித்தேன். ஊர் கூடிவிட்டது. கூட்டத்தில் யாரோ, "காத்தால பாப்பாதான் இங்க நின்னுக்கினு இருந்துச்சு" என்றார்கள். அவ்வளவுதான். என் மேல் காட்ட முடியாத கோபத்தை எல்லாம் பிள்ளை மேல் திருப்பினான்.

"கண்ணால பாத்த இல்ல? சொல்றதுக்கு இன்னா? வாயில கொழுக்கட்டையா வச்சிக்கினு இருந்த?"

எல்லோரும் எல்லாப் பிள்ளையையும் கேட்கிற கேள்விதான். ஆனால் இந்தப் பிள்ளையைக் கேட்கலாமா? கலைப்பிரியா அழவில்லை. அப்பனை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். எனக்கு மல்லாட்டை மறந்துபோயிற்று.

அன்றிலிருந்து அவள் அவனோடு பேசுவதில்லை. புனிதாவோடு பேசுவாள், என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டுத் திக்கித் திக்கியாவது கதை சொல்வாள், ஆட்டுக்குட்டியோடு பேசுவாள். அப்பன் கேட்டால் தலையாட்டல்தான். சைக்கிள் வாங்கி வந்து வாசலில் நிறுத்தினான். அவள் தொடவில்லை. சேறு காய்ந்து பிடுங்குவதற்குள் முளைவிட்டுப்போன மல்லாட்டைக்கு ஈடாக அவன் கொல்லை விளைச்சலில் பங்கு தருவதாக என்னிடம் சொல்ல வந்தவன், சொல்லி முடிக்காமல் என் வாசலிலேயே உட்கார்ந்து அழுதான். "எம் பொண்ணு என்ன அப்பான்னு கூப்ட்டு எவ்ளோ நாளாச்சு தெரியுமா அண்ணி?" அவன் உட்கார்ந்து நான் பார்த்ததே அன்றுதான்.

புனிதா அப்பனையும் மகளையும் விழுப்புரத்தில் பேச்சுப் பயிற்சி தரும் ஒரு அம்மாவிடம் கூட்டிப் போனாள். அந்த அம்மா பிள்ளையோடு கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு, இவனைத் தனியாக உட்கார வைத்திருக்கிறார். "திக்குறது அவ தப்பு இல்லைங்க, உங்க தப்பும் இல்ல. முழுசா போகுமான்னு என்னால சொல்ல முடியாது. ஆனா அவ பேசும்போது நீங்க முடிச்சு வைக்காதீங்க. நீங்க மெதுவா பேசுங்க. தினம் கொஞ்ச நேரம், போன் இல்லாம, அவகூட சும்மா இருங்க. கேள்வி கேக்க வேணாம். பேசு பேசுன்னும் சொல்ல வேணாம்."

குமரேசன் திரும்பத் திரும்பக் கேட்டானாம், சும்மா இருந்து என்ன பண்ணுவது என்று. சும்மா இருப்பதுதான் பண்ணுவது என்றாராம்.

அவன் செய்த முதல் வேலை ஸ்டார்ட்டரைக் கழற்றியது. இரண்டாவது, முறைத் தண்ணீர் வருகிற காலைகளில் போனை வீட்டு அரிசிப் பானையில் போட்டுவிட்டு, மண்வெட்டியும் மகளுமாகக் கொல்லைக்கு வந்தது. அவனுக்குக் கத்தரியும் மிளகாயும். பாத்தி பாத்தியாகக் கட்ட வேண்டும். ஒரு பாத்தி நிறையும்வரை நின்று, அதை அடைத்து, அடுத்ததைத் திறக்க வேண்டும். தண்ணீரை யாரும் விரட்ட முடியாது. அது மண்ணைக் குடிக்க வைத்துவிட்டுத்தான் நகரும்.

ஐயோ, முதல் வாரம் அவன் பட்ட பாடு! கை சட்டைப் பைக்குப் போகும், போன் இல்லாமல் வெறுங்கையாகத் திரும்பும். வாய்க்காலில் தண்ணீர் வருவதற்குள் அதன் எதிரே பத்து நடை நடப்பான். பாதி பாத்தி நிறைவதற்குள் மடையை மாற்றிவிடுவான், காய்ந்த பக்கம் காய்ந்தே கிடக்கும். நான் என் வரப்பில் நின்று, "இன்னா குமரேசா, தண்ணிக்கும் ஒரு போன் போட்டு ஜல்தி வரச் சொல்றதுதானே?" என்பேன். முறைப்பான். ஆனால் ஓடவில்லை. மறுமுறையும் வந்தான். அதற்கடுத்த முறையும் வந்தான்.

பிரவீன்குமார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான், அண்ணனுக்கு யாரோ ஏதோ செய்துவிட்டார்கள், விபூதி போட வேண்டும் என்று. இரண்டு வியாபாரம் கைநழுவி வேறு புரோக்கருக்குப் போனது எனக்கே தெரியும். குமரேசன் அதற்காக வருத்தப்பட்டான். படாமல் இருக்க அவன் என்ன சாமியாரா? வருத்தப்பட்டுக்கொண்டேதான் வந்தான். அதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன்.

பிள்ளை பேசவில்லை. வாய்க்காலில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவனும் பேச்சுக் கொடுக்கவில்லை. சித்திரை போய், வைகாசி போய், ஆனி வந்தது. பாத்தி ஓரத்தில் சிவப்பெறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுவதை இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததை ஒருநாள் கண்டேன். இன்னொரு நாள், தண்ணீர் பின்னாலேயே பூச்சி பொறுக்கிக்கொண்டு வந்த கொக்குக்காக அவன் அசையாமல் நின்றிருந்தான். ஜல்தி குமரேசன்! கொக்கு பயப்படுமே என்று நிற்கிறான்! வீட்டிலும் மாறியிருந்தான். உட்கார்ந்து சாப்பிடுகிறான், குழம்பில் உப்பு குறைந்தால் கண்டுபிடிக்கிறான், அது ஒன்றுதான் தொந்தரவு என்று புனிதா சிரித்தாள். பதறாத காரியம் சிதறாது என்று சொல்வது சுலபம். நாற்பது வருஷம் பதறியவன் நிறுத்துவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! என் வீட்டுக்காரரிடம் அந்த வேகத்தில் பாதி இருந்திருந்தால் நான் பெருமைப்பட்டிருப்பேன், குமரேசனின் நிதானத்தில் பாதி இருந்திருந்தால் கோயில் கட்டியிருப்பேன்.

ஆடி வந்தது. என் கொல்லையில் கேப்பை நட்டு வேர் பிடித்திருந்தது. அன்று காலை குமரேசன் முறை. அன்றைக்குத்தான் திண்டிவனத்தில் ஒரு பெரிய இடத்துக்குப் பத்திரப் பதிவும். பல மாதம் அலைந்து அவன் முடித்து வைத்த வியாபாரம், அதைக் கைவிட அவனுக்கு மனசில்லை. தண்ணீர் கட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தான். பிரவீன்குமாருக்குப் பொறுக்கவில்லை, காரை எடுத்துக்கொண்டு கொல்லை மேட்டுக்கே வந்து ஆரன் அடித்தான். குமரேசன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, கடைசிப் பாத்தியைத் திறக்க மண்வெட்டியை ஓங்கினான்.

அப்போது வாய்க்காலில் உட்கார்ந்திருந்த கலைப்பிரியா எழுந்தாள்.

"அ... அ... அ..."

ஓங்கிய மண்வெட்டி அப்படியே நின்றது. மெதுவாக அதைக் கீழே வைத்தான். சேற்றில் முழங்காலைப் போட்டு, மகள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தான். அவள் கண்ணை இறுக்கிக்கொண்டு தள்ளினாள். வரவில்லை. மறுபடி தள்ளினாள். என் வரப்பில் நின்றிருந்த எனக்கே வாய் துறுதுறுத்தது, என்ன கண்ணு என்று கேட்க. அவன் அசையவில்லை. அவன் பின்னால் பாத்தி நிறைந்து தளும்பி, தண்ணீர் என் பக்கத்து மடையை அரிக்க ஆரம்பித்தது. மண் பொலபொலவென்று கரைந்து உடைத்துக்கொண்டு என் கேப்பைக்குள் பாய்ந்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். பிள்ளையைப் பார்த்தேன், மூடிக்கொண்டேன்.

பிரவீன்குமார் காரை விட்டு இறங்கி வந்தான். "அண்ணே, பார்ட்டி வந்து ஒக்காந்துக்கினு இருக்காங்க..."

"கம்முனு இருடா!" என்றேன். "எங்க வூட்டுப் பொண்ணு பேசப் போவுது."

"அ... அப்பா."

அவன் சொல்லு என்றுகூடச் சொல்லவில்லை. அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லாக, சில சொல்லை உடைத்து உடைத்து, நடுவே நின்று நின்று சொன்னாள்.

"அன்னிக்கு... நான்... சைக்கிள் கேக்க வரல. பெ... பெரியம்மா கொல்ல மட ஒடைஞ்சிருக்குதுன்னு சொல்ல வந்தேன்."

பங்குனியில் ஆரம்பித்த வாக்கியம் ஆடியில் முடிந்தது. குமரேசன் முகத்தில் தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. அவள் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னாள்.

"இ... இப்பவும் ஒடைஞ்சிருச்சிப்பா."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "இருக்கட்டும்மா," என்றான். "அப்புறம்?"

அப்புறம் அவளிடம் நிறைய இருந்தது. ஆட்டுக்குட்டி, டீச்சர், பங்குனியிலிருந்து சேர்த்து வைத்தது எல்லாம். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சத்தம் போடாமல் இறங்கி, மடையை நானே அடைத்தேன்.