இரண்டு பேர் வேண்டிய பம்பு

ரெஜினா டீச்சர் இறந்த செய்தி அவருடைய கைத்தொலைபேசி எண்ணிலிருந்தே எனக்கு வந்தது. பள்ளித் தவணை விடுமுறைக்கு நோட்டன் பிரிட்ஜிலுள்ள தம்பி வீட்டுக்குப் போயிருந்தார். திரையில் அவர் பெயரைக் கண்டதும் சுகம்கூட விசாரிக்காமல், "எப்பங்க வர்றீங்க? பின் டயர் தரையோட படுத்துக் கெடக்கு" என்றேன். அந்தப் பக்கமிருந்து ஓர் ஆண்குரல், "நான் தம்பி பேசுறேங்க. அக்கா காலையில தவறிட்டாங்க" என்றது. நெஞ்சு வலிக்கிறது என்றாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் மத்தியானத்துக்கு மேல் அடக்கம் என்று தம்பி சொன்னார்.

அவரிடம் கணக்குப் படித்தவர்களுக்கும், எங்கள் பள்ளிக்கூடத்தில் அவரோடு வேலை செய்தவர்களுக்கும் அவரை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கல்யாணம் செய்துகொள்ளாதவர், ஞாயிறு பூசைக்குத் தவறாதவர், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பழைய ஜப்பான் மோட்டார் சைக்கிளில் வருகிறவர், வாயைத் திறந்தால் எதிரே நிற்பது பள்ளிக்கூட அதிபரா பியோனா என்று பார்க்காதவர். இந்த ரெஜினா டீச்சரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். காலை நேரத்தில் குவாட்டர்ஸ் வாசலில் பம்பும் கையுமாக நின்ற ரெஜினா டீச்சரை எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

லிந்துலைக்கு மேலே தேயிலைத் தோட்டத்து மலையில் எங்கள் ஆசிரியர் குவாட்டர்ஸ் இருக்கிறது. ஒரே கட்டடம், நடுவில் ஒரு சுவர், இரண்டு வீடு. நான் இடமாற்றம் கிடைத்து வந்தபோது என் கணவர் கொழும்பில் கடை வேலையில் இருந்தார். மகளும் படிப்புக்காக அவரோடு இருந்தாள். வந்த முதல் வாரம் வீட்டுக்குள் உட்கார்ந்து சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தேன். கதவு தட்டப்பட்டது. திறந்தால் பக்கத்து வீட்டு டீச்சர். பெயர் சொல்லவில்லை, ஊர் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்ததாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை.

"டீச்சர், கொஞ்சம் வந்து இதப் பிடிங்க" என்றார்.

வாசலில் அவருடைய மோட்டார் சைக்கிள் நின்றது. பக்கத்தில் காற்றடிக்கிற பம்பு. நின்றபடி இரண்டு கையாலும் அழுத்த வேண்டிய வகை. அதன் ரப்பர் குழாயின் நுனியில், டயர் வால்வைக் கவ்விப் பிடிக்கிற கிளிப் உடைந்திருந்தது. ஒருவர் குனிந்து குழாயை வால்வோடு சேர்த்து அமுக்கிக்கொண்டால்தான் இன்னொருவர் அடிக்க முடியும். நான் பிடித்தேன், அவர் அடித்தார். காற்று ஏறி முடிந்ததும், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார். அதுதான் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

அவரைப் பார்த்துத்தான் நானும் ஒரு பழைய வண்டி வாங்கினேன். வாங்கிய வேகத்திலேயே அதன் பின் டயர் தன் குணத்தைக் காட்டியது. மாலையில் கல்லாக இருக்கும், விடியும்போது தொய்ந்து போயிருக்கும். ரெஜினா டீச்சர் விரலில் எச்சிலைத் தொட்டு வால்வின் வாயில் வைத்தார். இருவரும் தலையை ஒட்டிக் குனிந்து பார்த்தோம். சின்னதாக ஒரு குமிழி எழும்பி உடைந்தது, பிறகு இன்னொன்று. "மெதுவா மூச்சு விடுது. உள்ள இருக்கிற ஊசிய மாத்தணும்" என்றார். எப்போது மாற்றுவது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதிலிருந்து விடுமுறை தவிர்ந்த ஒவ்வொரு காலையும் எங்களுக்கு அந்த வேலை இருந்தது. பள்ளிக்கூடம் மலைக்குக் கீழே. தோட்டத்து ரோட்டில் இறங்கும்போது வளைவுக்கு வளைவு கல் பெயர்ந்து கிடக்கும். காற்றுக் குறைந்த டயரோடு இறங்கினால் வண்டி தன் இஷ்டத்துக்குச் சாயும். வண்டி எடுப்பதற்கு முன்னாலேயே மீட்டர் வைத்துக் காற்றைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவர் சட்டம். "ஓடி சூடாயிட்டா டயர் பொய் சொல்லும். குளுந்திருக்கும்போதே கேட்டுக்கங்க" என்பார். என் கணவரோடு தொலைபேசியில் சண்டை போட்டுவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கும்போதும் இதையே சொல்வார். அப்போது அவர் டயரைப் பற்றிப் பேசவில்லை என்பது எனக்குப் புரியும்.

எங்கள் பேச்செல்லாம் அந்தப் பம்படியில்தான். மகளின் பரீட்சை முடிவு, அவருடைய தம்பி மனைவியின் முகச்சுளிப்பு, அதிபரின் புதுச் சுற்றறிக்கை எல்லாமே அங்கேதான் வெளியே வரும். கோபம் வந்தால் பாதியில் அடிப்பதை நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொள்வார். எனக்குச் சிரிப்பு வந்தால் பிடி நழுவும். ஏறிய காற்றெல்லாம் புஸ்ஸென்று வெளியேறிவிடும். "கைய விடாதீங்க, வாய விடுங்க" என்று திட்டிக்கொண்டே மறுபடியும் முதலிலிருந்து அடிப்பார். அப்படிப் பல நாள் பள்ளிக்குப் பிந்திப் போய் அதிபரிடம் இருவருமே பேச்சு வாங்கியிருக்கிறோம். அப்படி ஒரு நாள் அதிபர் திட்டி முடித்ததும் ரெஜினா டீச்சர், "ஐயா, ஒங்க கார்ல முன்டயரும் எறங்கியிருக்குங்க" என்றார். அதிபர் எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். உண்மையிலேயே இறங்கியிருந்தது.

ஒரு மழைநாள் மாலை திரும்பி வரும்போது என் வண்டியின் முன்சக்கரத்தில் ஆணி ஏறிவிட்டது. இனி வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் மலையேற வேண்டும். அவரை முன்னே போகச் சொன்னேன். அவர் தன் வண்டியை நிறுத்தினார், இறங்கினார், நன்றாக ஓடுகிற அந்த வண்டியையும் என்னோடு சேர்ந்து தள்ளத் தொடங்கினார். நனைந்து போவீர்கள், பைத்தியமா என்று கத்தினேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்:

"நான் மட்டும் போயி அந்த வீட்டில என்னங்க செய்யப் போறேன்?"

அவர் தன்னைப் பற்றி அப்படிப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். வீடு வரும்வரை இருவரும் தள்ளினோம்.

இந்தத் தவணை முடிந்து ஊருக்குக் கிளம்பிய காலையிலும் என் டயருக்குக் காற்றடித்துவிட்டுத்தான் போனார். சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு மேலதிக வகுப்பு இருந்ததால் நான் தங்கிவிட்டேன். பம்பைத் தன் வீட்டுக்குள் வைத்துக் கதவைப் பூட்டினார். "நான் வர்ற வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க, நடந்தே போங்க" என்றார்.

அடக்கத்துக்குப் பஸ்ஸில் போயிருக்கலாமே என்று பிறகு பலர் கேட்டார்கள். அன்று எனக்கு அது தோன்றவே இல்லை. அவரும் நானும் எங்கே போவதென்றாலும் வண்டியில்தான். காலையில் உடுத்திக்கொண்டு வாசலுக்கு வந்தபோது டயர் சப்பையாகக் கிடந்தது. பம்பு அவர் வீட்டுக்குள். கதவில் பூட்டு. அந்தப் பூட்டைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. பெட்டியை மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. லிந்துலை டவுன் வரைக்கும் வண்டியைத் தள்ளிக்கொண்டு இறங்கினேன். மலைமேல் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்ணொருத்தி, "பெரிய டீச்சர் வரலீங்களா?" என்று கேட்டாள். "இல்லம்மா, இன்னைக்கி நான் மட்டுந்தான்" என்றேன்.

டவுனில் டயர் கடை வைத்திருப்பவர் சுனில். டீச்சர் போய்விட்டதைச் சொன்னதும் கையிலிருந்த சாமானைக் கீழே வைத்துவிட்டார். பிறகு என் வால்வைத் தொட்டுப் பார்த்து, ஊசி கெட்டிருக்கிறது, சின்ன வேலைதான், இத்தனை நாள் ஏன் மாற்றாமல் வைத்திருந்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். வீட்டுப் பம்பில் அடித்துக்கொள்வோம், ஆனால் அதன் கிளிப்பும் உடைசல் என்றேன். அவர் ஆச்சரியப்பட்டார். புதுக் கிளிப்பை டீச்சர் எப்போதோ தன்னிடம் வாங்கிப் போனாராம். பம்பைக் கொண்டுவாருங்கள், நானே பொருத்தித் தருகிறேன் என்று இவர் சொன்னதற்கு, அவசரமில்லை என்று சிரித்தாராம்.

சுனில் புது ஊசியைக் கையில் எடுத்தார். "வேண்டாம், காத்து மட்டும் அடிங்க" என்றேன்.

தலவாக்கலை, ஹட்டன் எல்லாம் எப்படித் தாண்டினேன் என்று நினைவில்லை. போய் இறங்கியபோது பெட்டியை மூடக் கை வைத்துவிட்டார்கள். கூட்டத்தில் யாரோ ஒருத்தியாக நின்ற என்னை, கையிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்துத் தம்பிதான் அடையாளம் கண்டு, அவர்களை நிறுத்தினார். "டயர்ல காத்து நிக்காத டீச்சர் நீங்கதானுங்களே? அக்கா இங்க வந்தா ஒங்களப் பத்தித்தான் பேசும்" என்றார். முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் கை வைத்தேன். குளிர்ந்திருந்தது. அவர் சொல்லிக்கொடுத்தபடி, குளிர்ந்திருக்கும்போதே கேட்டேன், கிளிப்பை ஏன் மாட்டவில்லை என்று. அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

விடுமுறை முடிவதற்குள் தம்பி வந்து அந்த வீட்டைக் காலி செய்தார். பம்பை என்னிடமே கொடுத்தார். பையைப் பிரிக்காத புதுக் கிளிப்பும் அதோடு இருந்தது. இப்போது தினமும் காலையில் குழாயை ஒரு காலால் வால்வோடு அமுக்கிக்கொண்டு நானே அடித்துப் பார்க்கிறேன். பாதிக் காற்று வெளியே போகிறது. மீதியோடு மெதுவாக மலை இறங்குகிறேன். அவர் பார்த்தால் சும்மா விடமாட்டார். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமில்லை. பேச்சுக்கு ஆளில்லாத காலை இவ்வளவு நீளமானது என்று எனக்கு இதுவரை தெரிந்திருக்கவில்லை.

அவர் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது இந்தப் பம்புதான். கிளிப்பைப் பொருத்தவில்லை, ஊசியை மாற்றவில்லை, மாற்றப்போவதும் இல்லை. அடுத்த தவணைக்குப் பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஒரு டீச்சர் வருவாராம். தனியாகத்தான் வருகிறார் என்றார் அதிபர். வந்த முதல் வாரம் அவரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். நான் பெயர் கேட்கமாட்டேன், ஊர் கேட்கமாட்டேன், முகத்தையும் பார்க்கமாட்டேன். கதவைத் தட்டி, "டீச்சர், கொஞ்சம் வந்து இதப் பிடிங்க" என்பேன்.