சலீம் பார்த்துவிட்டு வந்த மேகமலை

இன்று வீரபாண்டி டவுன் பஸ்ஸில் பாட்டுக்கு நடுவே எங்கள் டூர் விளம்பரம் ஓடியது.

"மேகமலைங்க. நானே போய்ப் பாத்துட்டு வந்துட்டனுங்க. நீங்களும் வாங்க."

சலீமின் குரல். டூர் வண்டிகளுக்கு விளம்பரம் செய்யும் தொழிலை என்னோடு சேர்ந்து தொடங்கியவன். போன வருடம் இறந்துபோனான்.

தான் போய்ப் பார்க்காத ஊருக்கு அவன் குரல் கொடுக்கவே மாட்டான். மேகமலைக்கு அவன் போனதே இல்லை.

உடனே புதுக் கூட்டாளிக்குப் போன் போட்டேன்.

"ஏஐ-ல பண்ணுனதுங்கண்ணா. பழைய ரெக்கார்டிங்கக் குடுத்தா அதே குரல் வந்துருதுங்க. பனியன் கம்பெனிப் புள்ளைங்க அந்தக் குரலக் கேட்டாத்தான புக் பண்றாங்க?"

"அவன் ஊட்ல கேட்டியா?"

"நீங்க கேட்டிருப்பீங்கன்னு நெனச்சனுங்க."

பக்கத்து சீட்டில் பனியன் கம்பெனி அக்கா ஒருவர் செல்போனில் நம்பரைப் பதிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சொன்னார்:

"தெரியாத ஊருதானுங்க. ஆனா அந்தண்ணன் போய்ப் பாத்துட்டு வந்துட்டாரில்லீங்க, அப்பறம் என்னங்க பயம்?"



விளம்பரம் பொய்யாகிவிடக் கூடாதே என்று அவனுக்குப் பதிலாக நான் நாளை மேகமலைக்குக் கிளம்புகிறேன். எனக்கு முன்னாலேயே அவன் அங்கே வந்து நின்றுகொண்டிருந்தால் என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை.

துணைக்கு யாராவது வருகிறீர்களா?