நாகம்மாவின் சிரிப்பு

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அருப்புக்கோட்டையில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். முகத்தைப் பார்த்தே பிள்ளைகளின் மனதைச் சொல்லிவிடுவேன் என்று எனக்குப் பெரிய கர்வம்.

நெசவாளர் வீட்டுப் பெண் நாகம்மாவுக்கு ஐந்து வயது. ஒருநாள் சிலேட்டை உடைத்துவிட்டாள். அதட்டினேன், சிரித்தாள். உள்ளங்கையில் பிரம்பால் அடித்தேன், அப்போதும் சிரித்தாள். திமிர் என்று நினைத்து இன்னும் இரண்டு போட்டேன்.

மறுநாள் அவள் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் விடிந்ததும் வீட்டைத் தேடிப் போனேன். தறியில் ஏற்ற வேண்டிய பாவு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரமாக நின்ற நாகம்மா என்னைக் கண்டதும் சிரித்தாள். அவள் கால் வழியே சிறுநீர் இறங்கியது.

"பயந்துட்டா டீச்சரம்மா," என்றாள் தாய். "பாவு விரிச்சிருக்கையில பிள்ளை அழுதா இழை அறும்னு எங்க வீட்டுல சொல்லுவாக. இப்ப நூல் கெடைக்கிறதே பெரும்பாடு. அதான், அழுகை வந்தா சிரிச்சிருன்னு பழக்கி வச்சிருக்கோம்."

அவளைத் தூக்கிக்கொள்ளக் கை நீட்டினேன். அவளும் சிரித்தபடியே உள்ளங்கையை நீட்டினாள், அடி வாங்க.

பிள்ளைகளின் மனம் எனக்குத் தெரியும் என்று அதன்பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை.