எந்தப் பக்கமும் சாயாத பேப்பர்

நேற்று பாளையம்பட்டி டீக்கடையில் வடையை வெள்ளைத் தாளில் வைத்துக் கொடுத்தார்கள். அச்சு மை வாடை இல்லாத வடை எனக்கு இன்னும் பழகவில்லை. எனக்குப் படிக்கத் தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மருமகன்தான் எழுதுகிறார். ஆனால் பேப்பர் வாடை அத்துப்படி. மதுரையிலிருந்து முதல் பஸ்ஸில் வரும் பேப்பர் கட்டை அருப்புக்கோட்டையில் இறக்கி, அண்ணாச்சி கடைக்குத் தலையில் சுமந்தவன் நான்.

அண்ணாச்சிக்குப் பலசரக்குக் கடை. பேப்பருக்கு ஏஜெண்டும் அவர்தான், நிருபரும் அவர்தான். எந்தக் கட்சிப் பக்கமும் சாயாத பேப்பர் என்று முகப்பிலேயே போட்டிருக்குமாம். புளி வாங்க வருகிறவர்களிடம், “ஒங்க ஊர்ல என்ன விசேசம்?” என்பார். அதுதான் செய்தி. கடையை விட்டு எழுந்ததே இல்லை.

ஒரு பஞ்ச வருஷம், திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊரில் சர்க்கார் கஞ்சித் தொட்டி திறந்திருந்தது. அப்போது பார்த்து எனக்குப் பாலவனத்தத்தில் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். காய்ந்த ஊருக்கு யார் பெண் கொடுப்பார்? பெண்ணின் அப்பா பேப்பர் படிக்கிறவர் என்று கேள்விப்பட்டேன். ஒரு தூறல் விழுந்த மறுநாள் அண்ணாச்சியிடம் அளந்துவிட்டேன்.

“எங்க கண்மாயி ரொம்பி மறுகா பாயுது அண்ணாச்சி.”

கண்மாய் நிரம்பி வழிகிறது என்று செய்தி அச்சில் வந்தது. அதைப் பார்த்து அதிகாரிகள் கஞ்சித் தொட்டியை மூடிவிட்டார்கள்.

ஊரே காலிச் சட்டியோடு கடைக்கு வந்துவிட்டது. “மறுகா பாயுதுன்னு எந்தப் பய அண்ணாச்சி சொன்னான்?”

நான் தலையில் கட்டோடு நின்றேன். அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“அத நாங்க சொல்லப்படாதுப்பா. மறுப்பு வேணாப் போடுதேன்.”

மறுப்பும் வந்தது. கண்மாய் நிறைந்திருப்பதாக ஒரு சாராரும், வறண்டிருப்பதாக மறு சாராரும் கூறுகின்றனராம். கண்மாய்க்குள் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது; அதனிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. ஜீப்பில் வந்த அதிகாரி கரையில் நின்று, கண்மாயைப் பார்க்காமல் பேப்பரைப் பார்த்தார். தொட்டியைத் திறக்கலாம், ஆனால் ஆளுக்கு அரைச் சட்டி என்று தீர்ப்பானது.

நானும் வரிசையில் நின்றேன். “ஏலே, மிச்ச அரைச் சட்டிக்குக் கண்மாயில போயி மோந்து குடிலே” என்று, சொன்னவன் நான்தான் என்பது தெரியாமலே பின்னால் நின்ற சின்னையா சிரித்தார். முன்னால் நின்ற எங்கள் அக்கா தன் பங்கையும் பிள்ளை சட்டியில் ஊற்றிவிட்டு வெறும் வாயோடு போனாள்.

எனக்குப் பெண் கிடைத்தது. “மறுப்பு வந்த அன்னிக்கு எங்கய்யா பேப்பரு வாங்கல. அதான் இந்தக் காட்டுல வந்து மாட்டுனேன்” என்று வீட்டுக்காரி இன்றும் சொல்லிக்காட்டுவாள்.

அந்தப் பேப்பர் நின்று வெகுகாலமாயிற்று. அண்ணாச்சியும் போய்விட்டார். பஞ்சத்தையே பாதியாக்கியவர், சொன்னவன் பேரை மட்டும் சாகும்வரை வெளியே விடவில்லை.

இன்றைக்கு நானே சொல்லிவிட்டேன். சட்டியைத் தூக்கிக்கொண்டு என்னை அடிக்க வரத்தான் அந்த வரிசையில் நின்றவர்கள் ஒருவரும் இல்லை.