ஒட்டுப்பால் மணம்

மார்த்தாண்டத்தில் பஸ்ஸுக்கு நிற்கையில் ஒட்டுப்பால் மூட்டைகள் ஏற்றிய டெம்போ ஒன்று கடந்துபோனது. பக்கத்தில் நின்ற பெண் மூக்கைப் பொத்தினாள். நான் மூச்சை நன்றாக இழுத்தேன். மரத்தில் வடிந்து உறைந்த ரப்பர்பால் ஊறி அழுகும் அந்த நாற்றத்துக்கு நடுவில்தான், இன்று இடிந்து காடேறிக் கிடக்கிற எங்கள் அரசுப் பள்ளி இருந்தது.

மாதக்கணக்கில் டீச்சர் போடாமல் கிடக்கும் வகுப்புக்கு, நாகர்கோவிலிலிருந்து காலை பஸ்ஸில் வந்திறங்கும் டீச்சர்மார் மூக்கில் கைக்குட்டையோடு வருவார்கள், அதோடே பாடம் நடத்துவார்கள், பெயர் எங்கள் மனதில் பதியுமுன் மாற்றல் வாங்கிப் போய்விடுவார்கள். கணக்கு டீச்சர் மட்டும் ஒருநாள் கைக்குட்டை இல்லாமல், சிரித்த முகத்தோடு வாய்ப்பாடு சொல்லித் தந்தார்.

"மணம் பழகிட்டு. டீச்சர் இனி போவமாட்டாவ, மக்கா," என்றாள் என் பக்கத்தில் உட்காரும் ஸ்டெல்லா.

நாங்கள் நம்பினோம். பெரிய லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று பஸ்ஸிலிருந்து இறங்கியது வேறொரு டீச்சர், மூக்கைப் பொத்தியபடி. ஸ்டெல்லா தன் சட்டைக் கையை மெல்ல முகர்ந்து பார்த்தாள். நானும் என் சட்டையை முகர்ந்தேன்.